பித்தப்பை போனா கல்லீரலும் போச்சா?

எனக்குப் பித்தப்பையை எடுக்கிற ஆபரேஷன் ஆனதுலேருந்து, பார்க்கிறவங்க எல்லாம் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: "இனிமே கல்லீரல் என்ன ஆகும்?"

ஒண்ணும் ஆகாதுங்க. பித்தநீரைச் சுரக்கிறதே கல்லீரல்தான், ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரைக்கும். அதுல ஒரு பங்கை வாங்கி, தண்ணியை உறிஞ்சி, 30-50 மில்லியா கெட்டியாக்கி வச்சிருந்து, கொழுப்பு உள்ளே வந்ததும் பிழிஞ்சு விடுற தொட்டிதான் பித்தப்பை. தொட்டி இல்லேன்னா பித்தநீர் நேரா சிறுகுடலுக்குச் சொட்டிக்கிட்டே இருக்கும். கல்லீரல் அது பாட்டுக்கு வேலை செய்யும்.

அவஸ்தைப்படுறது குடல்தான். பித்தநீர்ல இருக்கிற பித்த அமிலம் பெருங்குடல் வரைக்கும் எட்டிப் போறதால, சாப்பிட்ட கையோட பாத்ரூமுக்கு ஓடுறவங்க உண்டு. பலருக்குத் தானா அடங்கிடும், அடங்கலேன்னா மருந்து இருக்கு.

ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரல்ல கொழுப்பு சேர்றது? உடல் பருமன், சர்க்கரை நோய் ரெண்டும் பித்தக்கல்லுக்கும் காரணம், கல்லீரல் கொழுப்புக்கும் காரணம். கல்லோட பித்தப்பையை எடுத்தா அந்தக் காரணம் போயிடுமா என்ன? பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. கல்லைப் பத்தி எழுதின அதே பக்கத்துல கல்லீரலைப் பத்தியும் ஒரு வரி இருக்கும். அதை யாரு படிக்கிறா!

கண்ணு மஞ்சளாகி, சிறுநீர் கருத்து, மலம் வெளுத்து, குளிர் காய்ச்சலும் வந்தா, பித்தநீர் போற குழாயான பித்தநாளத்துல கல்லு மாட்டியிருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

அப்புறம், 'லிவர் க்ளீன்' பவுடர் அனுப்பி வைக்கிற அன்பர்களே, மூலிகைப் பொடியாலேயே கல்லீரல் கெட்டவங்க இருக்காங்க. எனக்கு வேண்டாம்.