சி.எம்.எஸ்.ஸுக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள்

எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் சுற்றுச்சுவரை இடிக்கச் சொல்லி வந்த நோட்டீசுக்கு ஒருவழியாக முடிவு கிடைத்துவிட்டது. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்களைப் போன்ற சின்னஞ்சிறு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் பல இதே சிக்கலில் மாட்டக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

வளாகத்தின் மேற்கு ஓரமாகப் பேரூராட்சிக்கு வடிகால் வேண்டும். மூலையில் ஒரு குடிநீர்த் தொட்டியும் வேண்டும். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்றத்தில் தீர்மானம் போட்டு, இடம் அரசுப் புறம்போக்கு என்று தாலுகா அலுவலகத்துக்கு எழுதிவிட்டார்கள். அங்கிருந்து 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்கீழ் நோட்டீஸ் வந்து சேர்ந்தது.

நோட்டீஸ் கையில் கிடைத்ததும் பிரிவு எண்ணைப் பாருங்கள். 7 என்றால் விளக்கம் கேட்கிறார்கள். 6 என்றால் வெளியேற்றும் நடவடிக்கை. விளக்கம் எழுதுவதை விட்டுவிட்டுக் கவுன்சிலர் வீட்டுக்கும் எம்.எல்.ஏ. வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தால் 7 போய் 6 வந்து நிற்கும். சபையில் பாதிப் பேர் அப்படித்தான் நடக்கச் சொன்னார்கள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். “வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறோம்” என்று சொன்னால் நகர வேண்டாம்.

சபைக் கமிட்டியின் பெயரில் நாங்கள் கொடுத்த பதில் திரும்பி வந்தது. 1947-இல் திருச்சபைகள் ஒன்றானபோது உருவான டிரஸ்ட் அசோசியேஷன்தான் சட்டப்படி எங்கள் சொத்துகளுக்கு உரிமையாளர். அதன் பவர் ஏஜென்டு கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். குருவானவர் அலைந்து அந்தக் கையெழுத்தை வாங்கி வந்தார்.

அடுத்துதான் வேடிக்கை. மூலப்பத்திரம் பழைய சி.எம்.எஸ். மிஷன் பெயரில் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்த தாலுகா அலுவலக எழுத்தர், “இந்த சி.எம்.எஸ். இப்போது உயிரோடு இருக்கிறாரா?” என்றார். நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. “இல்லையென்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொண்டுவாருங்கள்.” அது ஆள் அல்ல ஐயா, 1799-இல் லண்டனில் தொடங்கிய மிஷன் சங்கம் என்று விளக்கினேன். “அப்படியானால் லண்டனிலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள்” என்று கோப்பைக் கட்டி வைத்துவிட்டார். மிஷன் சொத்து டிரஸ்ட் அசோசியேஷனுக்கு மாறியதைக் காட்டும் ஆவணத்தின் சான்றிட்ட நகல் பேராயரின் நிர்வாகமான திருமண்டலத்தின் சொத்துப் பிரிவில் கிடைத்தது. அதை நேராகத் தாசில்தாரிடமே கொடுத்தோம். அதன்பின் வாரிசுப் பேச்சு எழவில்லை.

ஆனாலும் பத்திரத்தை வைத்துக்கொண்டு அங்கே வாதாடிப் பயனில்லை. சி.எம்.எஸ். மிஷனரியான ரேனியஸ் ஐயர் கிறிஸ்தவக் குடியிருப்புகளுக்கு நிலம் வாங்க 1830-இல் தொடங்கிய தர்ம சங்கத்தின் காலத்திலிருந்தே இந்த இடம் நம்முடையது என்று எங்கள் பெரியவர் ஒருவர் உருக்கமாகச் சொன்னார். “பட்டா எண் என்ன?” என்பதுதான் பதில். ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யாருடையது என்று எழுதியிருக்கும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டில் இருப்பதுதான் வருவாய்த் துறைக்கு வேதம். எங்கள் சர்வே எண்ணுக்கு நேராக அதில் வகைப்பாடு புறம்போக்கு என்றும், குறிப்புக் கலத்தில் ‘சர்ச்’ என்றும் இருந்தது.

இது யுடிஆர் செய்த வேலை. 1979 முதல் 1987 வரை நடந்த அந்த நிலப் பதிவேட்டுச் சீரமைப்பில் கோயில், பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம் என்று பொதுவாகத் தெரிந்ததையெல்லாம் சில ஊர்களில் புறம்போக்கில் தள்ளிவிட்டார்கள். ஆகவே நீங்கள் தேட வேண்டியது யுடிஆருக்கு முந்தைய பதிவேடு. கூடவே பழைய சர்வே எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பதிவேடு. அது இல்லாமல் பழைய பதிவேடு கிடைத்தும் பிரயோஜனமில்லை. இரண்டும் ஒரே நிலம்தான் என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

கலெக்டர் அலுவலகப் பதிவறையில் “அந்தப் பதிவேடு சிதிலமாகிவிட்டது” என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுதிக் கொடுங்கள் என்றேன், கொடுக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட்டேன். இங்கே ஒரு யோசனை: நகல் மட்டும் கேட்காதீர்கள், பதிவேட்டை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. பார்வையிடப் போன அன்று, சிதிலமான பதிவேடு முழுசாக மேஜைமேல் இருந்தது! ஓரங்கள் மட்டும் பொடிந்திருந்தன. எங்கள் எண்ணுக்கு நேரே, ‘ரயத்துவாரி’, அதாவது பட்டா நிலம், பட்டாதாரர் சி.எம்.எஸ். அன்று மத்தியானம் பரோட்டாக் கடையில் நானும் குருவானவரும் செய்த செலவைக் கமிட்டிக் கணக்கில் எழுதவில்லை.

அதை வைத்து மாவட்ட வருவாய் அலுவலரிடம் யுடிஆர் பிழைத் திருத்த மனுப் போட்டோம். அது முடியும்வரை நடவடிக்கையை நிறுத்தி வைக்கச் சொல்லித் தாசில்தாருக்குத் தனி மனு. விசாரணையில் பேரூராட்சி தரப்பு, நாங்கள் எப்போது வந்தோம் என்றே தெரியாது என்று சாதித்தது. வளாகத்தில் உள்ள உபதேசியார் (சபை ஊழியர்) வீட்டுக்கு அவர்களே பல பத்தாண்டுகளாக வசூலித்த வீட்டு வரியின் ரசீதுக் கட்டை அவிழ்த்து வைத்தோம். வரி ரசீது உரிமைக்குச் சான்றாகாது, அனுபோகத்துக்கு, அதாவது இடம் நம் கைவசம் இருந்தது என்பதற்குத்தான் ஆகும். ஆனால் தங்கள் முத்திரையையே தாங்கள் மறுக்க முடியாமல் அவர்கள் விழித்த விழி இருக்கிறதே, அதற்காகவே அந்த ரசீதுகளைப் பாதுகாத்த பழைய செயலருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அளவையர் வந்து சங்கிலி பிடித்தபோது சுவரின் வடமேற்கு முனை மட்டும் எல்லையைத் தாண்டித் தெருவில் நின்றது. அதை நாங்களே இடித்துக்கொண்டோம். பல்லைக் கடித்துக்கொண்டுதான். மற்றதெல்லாம் எங்களுடையது என்று உத்தரவு வந்தது. வடிகாலை இப்போது தெருவோரமாகவே போடுகிறார்கள். முதலிலேயே அப்படிப் போட்டிருக்கலாம்.

உத்தரவு வந்ததும் கொண்டாடிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். இணையத்தில் எங்கள் எண் இன்னும் புறம்போக்கு என்றே காட்டுகிறது. கணினித் திருத்தத்துக்குத் தாலுகா அலுவலகத்தில் தனியாக மனுக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தாயிற்று. வாங்கி முத்திரை போட்டவர் அதே எழுத்தர்.