ஸ்பிரிங்கில் மருந்து இருக்கிறதே, மாத்திரை எதற்கு?

அடைத்த இதய ரத்தக்குழாயை விரித்துத் தாங்க உள்ளே வைக்கும் சின்னக் கம்பிவலையை எங்கள் பக்கத்தில் யாரும் ஸ்டென்ட் என்று சொல்வதில்லை, 'ஸ்பிரிங்'தான். வேலூரில் ஸ்டென்ட் வைக்கும் அறையான கேத் லேபில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், வீட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு மாத்திரை விளக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. "மருந்து தடவின ஸ்பிரிங், இனிமே அடைக்காது" என்று தெம்பாகச் சொல்லி அனுப்புவேன்.

குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் ஒருவர் ஐந்தாம் மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்திருந்தது. ரத்தம் உறையாமலிருக்கத் தந்த குளோபிடோக்ரெல் மாத்திரையை நிறுத்தி மூன்று வாரமாம். "ஸ்பிரிங்லயே மருந்து கீதுன்னு நீதானே சிஸ்டர் சொன்ன? வயிறு வேற எரிஞ்சிது." பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. 1977-ல் சூரிச்சில் டாக்டர் குருன்ட்ஸிக், அடைத்த இதயக் குழாயைப் பலூன் ஊதி விரிக்கும் சிகிச்சையை முதன்முதலில் செய்தார். அந்த முறையில் விரித்த குழாய், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களில் திரும்பச் சுருங்கியது. வெறும் கம்பிவலை வைத்தும் தொல்லை முழுக்கத் தீரவில்லை. அடைத்தது பழைய கொழுப்பு இல்லை. காயம்பட்ட சுவர் ஆறும்போது மிஞ்சி வளர்ந்த சதை. அதைத் தடுக்கத்தான் சைரோலிமஸ் தடவினார்கள். ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியா தந்த மருந்து அது. எங்கேயோ கடல் நடுவில் கிடந்த மண், குடியாத்தத்துக்காரரின் நெஞ்சுக்குள்! இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

ஆனால் சதை வளர்ச்சியை அடக்கும் மருந்து, கம்பியின் மேல் மெல்லிய தோல் மூடுவதையும் தாமதப்படுத்தும். மூடாத கம்பியில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டி ரத்தம் கட்டிவிடும். அதற்குத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும், டாக்டர் சொல்லும் காலம்வரை.

இன்னொன்றும் உண்டு. அப்போதெல்லாம் நகையை அடகு வைத்து ஸ்பிரிங் போட்டுக்கொள்வார்கள். 2017 பிப்ரவரியில்தான் மருந்து ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவிலை வந்தது. அவ்வளவு கொட்டிக் கொடுத்த பிறகு, சில ரூபாய் மாத்திரை யார் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும்?

இப்போது நான் சொல்வதோடு விடுவதில்லை, திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். போன வாரம் ஆம்பூர் அம்மா ஒருவர் விரலை மடக்கிச் சொன்னார்: "ஸ்பிரிங் மருந்து சதைக்கு. மாத்திரை ரத்தத்துக்கு."

"பல்லு புடுங்கப் போனா?"

"டாக்டரக் கேக்காம நிறுத்தமாட்டேன். வுடு தாயே, பஸ் போயிடும்."