பெயரை விடுங்கள், செக்ஷன் எண்ணைப் பிடியுங்கள்: நெப்ராஸ்காவில் ஒரு பண்ணையின் மூலப்பத்திரம் தேடியது

தென்கிழக்கு நெப்ராஸ்காவில் 160 ஏக்கர் பண்ணை ஒன்றின் உரிமையாளர் வரிசையை, முதல் குடியேறியவரிலிருந்து இன்றுவரை ஒருவழியாகக் கோத்து முடித்தாயிற்று. கவுண்டி பத்திரப்பதிவு அலுவலகத்தில் பட்ட எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை. "விற்றவர், வாங்கியவர் பெயர் இல்லாமல் தேட முடியாது" என்று கையை விரித்துவிட்டார் கவுன்ட்டரில் இருந்தவர். அந்தப் பெயர்களைத் தேடித்தானே வந்திருக்கிறோம்! நெப்ராஸ்காவில் நிலவாரியாகவே ஒரு ஏடு உண்டு. 'நியூமரிக்கல் இண்டெக்ஸ்' என்று பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். ஒரு செக்ஷனில், அதாவது ஒரு சதுர மைல் நிலக்கட்டத்தில், நடந்த கிரயம், அடமானம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

செக்ஷனில் எந்தக் கால்பகுதி, எந்த செக்ஷன், டவுன்ஷிப் (வடக்கு-தெற்கு வரிசை எண்), ரேஞ்ச் (கிழக்கு-மேற்கு வரிசை எண்) என்று முழுசாக எழுதிக்கொண்டு போங்கள். ரேஞ்சில் கிழக்கும் மேற்கும் மாறினால் யாரோ ஒருவரின் பண்ணைக் கதையைத்தான் எழுதுவீர்கள்.

அரசு முதன்முதலில் நிலத்தை எழுதிக்கொடுத்த பேட்டன்ட் என்ற பட்டா கிடைப்பது சுலபம். அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் இலவசம். ஆனால் அதன் தேதியைக் குடியேறிய தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குடியேறுபவருக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்து, இரண்டு சாட்சிகளை வைத்து நிரூபிக்க வேண்டும். பேட்டன்ட் அதற்கும் பிறகுதான். பாதியில் விட்டுப்போனவர் பெயர் அதில் வராது, நிலத்துக்கு விண்ணப்பித்தவர்களை நிலவாரியாகப் பதிந்த டிராக்ட் புக்கில்தான் கிடைக்கும். பத்திரங்கள் அமெரிக்க அரசிலிருந்து தொடங்குவதும் பாதிக் கதைதான். 1854 ஒப்பந்தத்தில் இந்தப் பக்கத்து நிலத்தை விட்டுக்கொடுத்த ஓட்டோ-மிசூரியா மக்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

சரக்கு இருப்பது வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள, குடியேறியவரின் விண்ணப்பக் கோப்பில். 1908க்கு முந்தைய கோப்புகள் நில அலுவலகம், இறுதிச் சான்றிதழ் எண் என்ற வரிசையில் இருக்கின்றன. நகல் கேட்கும் படிவத்தில் இரண்டையும் எழுதாவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று பதில் வரும். பியட்ரிஸ் அருகே 1863 ஜனவரி 1 அன்று டேனியல் ஃப்ரீமன் பதிந்த நிலத்தின் கோப்பைப் பாருங்கள்: 14க்கு 20 அடி வீடு, இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்தவரானால் குடியுரிமைத் தாளும் கிடைக்கலாம்.

கோப்பே இல்லையென்றால் ரயில் பாதை போட அரசு கம்பெனிக்குக் கொடுத்த ரயில்வே மானிய நிலமா என்று பாருங்கள். மானிய எல்லைக்குள் ஒற்றைப்படை செக்ஷன்கள் கம்பெனிக்குப் போயின; விவசாயி கம்பெனியிடம் வாங்கிய பத்திரம் கவுண்டியில்தான் இருக்கும். இரட்டைப்படையிலும் அந்த எல்லைக்குள் 1879 வரை பொதுவாக 80 ஏக்கர்தான் கொடுத்தார்கள். அதனால் 160 ஏக்கருக்கு இரண்டு மூலம் இருக்கலாம். 16, 36 எண் செக்ஷன்கள் பள்ளிக்கூடங்களுக்கு ஒதுக்கிய நிலம்.

பிந்தைய உரிமையாளர்களில்தான் சங்கிலி அறுகிறது. அப்பா வாங்கிய பத்திரம் இருக்கும். விற்பவரோ கேள்விப்படாத பெயர். பெரும்பாலும் கல்யாணமாகிப் பெயர் மாறிய மகள். பத்திர அலுவலகத்தில் மல்லுக்கட்டாமல் கவுண்டி நீதிமன்றத்தில் வாரிசு வழக்குக் கட்டைக் கேளுங்கள். ஷெரிஃப் விற்றதாகப் பத்திரம் இருந்தால் கடனில் மூழ்கிய நிலம். பாக்கி எவ்வளவு என்பது மாவட்ட நீதிமன்றக் கட்டில் இருக்கும்.

விலையைக் கண்டுபிடித்ததுதான் எனக்குப் பெரிய திருப்தி. பத்திரத்தில் விலையை '1 டாலரும் பிற மதிப்பும்' என்று மழுப்பியிருப்பார்கள். 1940 முதல் 1967 வரையிலான பத்திரமானால் ஓரத்தில் மத்திய அரசு வரி ஸ்டாம்ப் தொகையைத் தேடுங்கள். 500 டாலருக்கு 55 சென்ட் கணக்கு. 11 டாலர் ஸ்டாம்ப் என்றால் 10,000 டாலர். வாங்கியவர் பழைய அடமானத்தையும் ஏற்றிருந்தால் அந்தத் தொகை இதில் சேராது. அடமான ஏட்டைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.