ஆலை பிரித்துக் கிடக்கும்போது வாருங்கள்

ஜனவரி 13, 2025

பயிற்சி மாணவர்கள் மூன்று பேர் இன்று காலை எங்கள் சர்க்கரை ஆலையின் கேட்டில் நின்றார்கள். இரண்டு பேர் டர்பனில் மெக்கானிக்கல் டிப்ளமா, ஆறு மாதம் இருப்பார்கள். மூன்றாவது பையன் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட இன்ஜினியரிங் படிக்கிறான், விடுமுறைப் பயிற்சி, பிப்ரவரியில் வகுப்பு தொடங்குவதற்குள் கிளம்பிவிடுவான்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் ஊரில் இன்பிளான்ட் ட்ரெயினிங் என்றால் பத்து பதினைந்து நாள் போய்விட்டு ஒரு சான்றிதழோடு திரும்புவது என்று ஆகிவிட்டது. இங்கே தென்னாப்பிரிக்காவில் டிப்ளமா மாணவர் எல்லாப் பாடத்திலும் தேறினாலும், வேலை இடத்தில் பயிற்சி முடித்து, லாக்புக்கில் பொறுப்பான ஆளிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால்தான் பட்டயம் கைக்கு வரும். பழைய பாடத்திட்டத்தில் பி1, பி2 என்று தலா ஆறு மாதம். இப்போது பெயரையும் அமைப்பையும் மாற்றிவிட்டார்கள், ஆனால் ஆலையில் எல்லாரும் இன்னும் பி1, பி2 என்றுதான் சொல்கிறோம்.

கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் இடம் கிடைக்க வேண்டுமே. இன்று வந்தவர்களில் எம்பாங்கேனி பக்கத்து ஜூலுப் பெண் ஒருத்தி, பாடமெல்லாம் முடித்துவிட்டு ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்திருந்தவள். இதற்கு முன் அவளுக்குக் கிடைத்த முதல் ஆறு மாதம் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் கழிந்திருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்தாள், ஸ்டோர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். லாக்புக்கைப் புரட்டிப் பார்த்தேன், "பராமரிப்புப் பணியில் உதவி" என்று வாரம் தவறாமல் ஒரே வாசகம், கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போட்ட ஆளுக்குக் கை எப்படி வந்தது என்று தெரியவில்லை.

ஜனவரி 14

இங்கே பொங்கலுக்கு விடுமுறை கிடையாது. விடியுமுன் வீட்டில் பொங்கல் வைத்துவிட்டு ஏழு மணிக்கு ஆலைக்குள் இருந்தேன்.

நாள் முழுக்கப் பாதுகாப்பு வகுப்பு. மருத்துவப் பரிசோதனை, 1993-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம், பெர்மிட் எப்படி எழுதுவது, எல்லாம். கடைசியில் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு, பெயர் எழுதிய அட்டையோடு. எந்த மெஷினுக்குள் போனாலும் முதலில் அதன் மின்சாரத்தைத் துண்டித்து அந்த இடத்தில் உன் பூட்டைப் போடு, சாவி உன் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும், என்னிடம்கூடத் தராதே என்று சொன்னேன். இதை ஒரு தடவை சொன்னால் போதாது, தினமும் சொல்லப் போகிறேன்.

ஜனவரி 22

இன்று மூன்று பேரையும் டிஃப்யூசருக்குள் கூட்டிப்போனேன். தென்னாப்பிரிக்க ஆலைகளில் பெரும்பாலானவை கரும்பை உருளைகளுக்கு நடுவில் விட்டு மட்டுமே பிழிவதில்லை. ஷ்ரெடரில் பஞ்சாகக் கிழித்து, டிஃப்யூசர் என்கிற அறுபது மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டிக்குள் ஒன்றரை மீட்டர் உயரப் படுக்கையாகப் பரப்பி, சங்கிலி இழுக்க இழுக்க அது மெல்ல நகர, மேலேயிருந்து வெந்நீரும் சாறும் ஊற்றிச் சர்க்கரையைக் கழுவி எடுக்கிறார்கள். உள்ளே 85 டிகிரி இருக்கும். அரவைக் காலத்தில் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் ஆவி மட்டும்தான் தெரியும். இப்போது டிசம்பரில் அரவை முடிந்து ஏப்ரல் வரை ஆஃப்-க்ராப், அதாவது அரவை இல்லாத பராமரிப்புக் காலம், அதனால் உள்ளேயே நடக்கலாம். நுழைவதற்கு முன் காற்றை அளந்தோம், ஆக்சிஜன் 20.9 காட்டியது.

சாறு கீழே உள்ள தட்டுகளில் வடிகிற சல்லடைத் தகட்டின் மேல் நின்றுகொண்டு அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். "படுக்கைதான் நகர்ந்துகொண்டே இருக்கிறதே சார், மேலே ஊற்றுகிற சாறு எப்படி நேர் கீழே உள்ள தட்டில் விழும்?"

விழாது. அதுதான் டிஃப்யூசரின் உயிர்நாடி. சாறு ஒன்றரை மீட்டர் இறங்கி வருவதற்குள் படுக்கை பல மீட்டர் போய்விடும், சாறும் அதோடு சேர்ந்து போகும். அதனால் ஸ்ப்ரே குழாயை அந்த அளவுக்கு முன்கூட்டியே, கரும்பு வருகிற பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும். தப்பான இடத்தில் வைத்தால் ஒரே சாறு ஒரே தட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் ஒரு தட்டைத் தாண்டிப் போய்விடும், சர்க்கரை சக்கையோடு பாய்லருக்குப் போகும். வருடக்கணக்கில் இங்கேயே வேலை பார்க்கிறவர்கள் சிலர் கேட்காத கேள்வி இது. வெறும் தகட்டையும் குழாயையும் ஒன்றாகப் பார்த்ததால் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு நாள் முழுக்க மனசு நிறைந்திருந்தது.

ஜனவரி 31

பல்கலைக்கழகத்துப் பையன் கிளம்பினான். கெட்டிக்காரன், கணக்கில் புலி, ரிப்போர்ட்டும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தான். ஆனால் ஆலை ஓடி அவன் பார்த்ததே இல்லை. போன வருடம் ஜூலை விடுமுறையில் வந்த பெண் ஓடுகிற ஆலையை மட்டும் பார்த்தாள், எந்த மூடியும் திறந்து பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் பாதிதான் கிடைத்தது. விடுமுறையைப் பார்த்து வரும் மாணவர்களுக்கு வேறு வழியில்லை, அதைக் குறை சொல்லவில்லை. ஆறு மாதம் வருகிற டிப்ளமாக்காரர்களுக்காவது இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டும், அதற்கு அவர்கள் ஜனவரியில் உள்ளே வந்துவிட வேண்டும். பல நிறுவனங்கள் எப்போது மேஜை காலியோ அப்போது கூப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 5

எங்கள் மூத்த ஃபிட்டர் ஒருவர், ஜூலுக்காரர், பென்ஷனுக்கு நெருங்கிவிட்டார். மாணவர்கள் அவரை "பாபா" என்றுதான் கூப்பிடுகிறார்கள், இங்கே பெரியவர்களுக்கு அதுதான் மரியாதை. இன்று ஒரு பழைய கியர்பாக்ஸின் ஒயிட் மெட்டல் (மென்மையான உலோகக் கலவை) பேரிங்கைப் படிய வைக்கும் வேலை. ஷாஃப்டில் நீல மசியை மெல்லிசாகத் தடவி, பேரிங்கின் மேல் வைத்து லேசாகச் சுற்றி எடுத்தார். எங்கெல்லாம் உலோகம் மேடாக இருக்கிறதோ அங்கெல்லாம் நீலம் ஒட்டியிருந்தது. அந்த இடத்தை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டிவிட்டு மறுபடி மசி, மறுபடி சுற்று, மறுபடி சுரண்டு. புள்ளிகள் பரப்பு முழுக்கச் சீராகப் பரவும் வரை இதே வேலை.

இன்னொரு டிப்ளமா மாணவன், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன், ஆரம்பத்தில் அழுத்திச் சுரண்டினான். பாபா பேசவே இல்லை, அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கோணத்தை மட்டும் மாற்றினார். மத்தியானத்துக்கு மேல் சுருள் மெல்லிசாக, முடி மாதிரி வர ஆரம்பித்தது. சாயங்காலம் லாக்புக்கில் அவன் எழுதியிருந்ததைப் படித்தேன், ஒரு முழுப் பக்கம், நீலப் புள்ளிகளைப் படமாகவே வரைந்திருக்கிறான். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த மனிதர் போனபின் இதை யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்ற கவலை எனக்கு நிஜமாகவே இருக்கிறது. பயிற்சித் திட்டம் என்று மேலே எத்தனை தாள் எழுதினாலும், கீழே கையைப் பிடித்துக் காட்ட ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம். புது ஃபிட்டர்கள் இரண்டு பேரையும் அவர் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11

தைப்பூசம். சாட்ஸ்வொர்த் பையன் காவடி எடுக்க லீவு கேட்டிருந்தான், நானும் குடும்பத்தோடு போனேன். அவனுக்குத் தமிழ் பேச வராது, தேவாரம் மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக் கணீரென்று பாடுகிறான். அவன் தாத்தா நன்றாகவே பேசுகிறார். "வாங்க தம்பி, பையன் ஒழுங்கா வேலை செய்றானா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அவரும் கரும்பு ஆலைக்காரர்தான். 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து டர்பன் வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்ததில் பாதிக் கதை கரும்புக் கதைதானே. இவர் ஃபிட்டருக்கு ஹெல்பராகவே கடைசிவரை இருந்திருக்கிறார். வேலையெல்லாம் தெரியும், வெள்ளைக்காரப் பையன்களுக்கு இவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார், ஆனால் தொழில் சான்றிதழ் இல்லை. 1922-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டம் பள்ளிப் படிப்பை நிபந்தனையாக்கியது, பள்ளிகளோ நம் ஆட்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் போதுமான அளவு இல்லை. அதோடு தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து கதவைச் சாத்திவிட்டார்கள். 1981-இல்தான் சட்டப்படி எல்லா இனத்தாருக்கும் அப்ரென்டிஸ் பயிற்சி திறந்தது, அதற்குள் இவர் வயது போய்விட்டது.

பேரன் பேரிங் சுரண்டியதைச் சொன்னேன். "நீல மசியா?" என்று கேட்டார். பிறகு அதைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பயிற்சி இடம் கொடுப்பதை ஏதோ கம்பெனி போடுகிற பிச்சை மாதிரிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இந்த நாட்டில் அது எத்தனை பேருக்கு எத்தனை தலைமுறை மறுக்கப்பட்டது என்று தெரிந்தால் அப்படிப் பேச வராது.

பிப்ரவரி 26

நல்ல நாள் இல்லை. அலுவலகத்திலிருந்து போன், ஸ்டோர் கணக்கு ஏற்ற ஆள் இல்லையாம், பயிற்சி மாணவி ஒருத்தியை இரண்டு மாதம் அனுப்பச் சொன்னார்கள். முடியாது என்றேன். ஸ்டோர் எப்படி நடக்கிறது என்று ஒரு வாரம் பார்க்கட்டும், அதுவும் பாடம்தான், இரண்டு மாதம் என்றால் அது வேறு. கொஞ்சம் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது.

இரண்டாவது பிரச்சினை உதவித்தொகை. இங்கே வருடச் சம்பளச் செலவு ஐந்து லட்சம் ராண்டுக்கு மேல் இருக்கும் நிறுவனங்கள் சம்பளத்தில் 1 சதவீதம் திறன் மேம்பாட்டு வரி கட்ட வேண்டும். அந்தப் பணம் செட்டா என்று சொல்லப்படும் துறைவாரி அமைப்புகள் வழியாகத்தான் பயிற்சிக்கு வருகிறது. அமைப்பு நல்லது. பணம் வர வேண்டிய மாதத்தில் வராவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் மேலே இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. அந்தப் பெண் தினமும் இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறி வருகிறாள், டாக்ஸிக்காரர் கடன் சொல்ல விடமாட்டார். திங்கட்கிழமை வரவில்லை, உடம்பு சரியில்லை என்று செய்தி. பாபாதான் உண்மையைச் சொன்னார். ஆலை முன்பணமாகத் தர ஏற்பாடு செய்துவிட்டேன், செட்டா பணம் வந்தபின் கழித்துக்கொள்ளட்டும்.

மார்ச் 12

பாய்லர் நீர் அழுத்தச் சோதனை. மூன்று வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம், வடிவமைப்பு அழுத்தத்தைப் போல் 1.25 மடங்கு ஏற்றிக் காட்ட வேண்டும். முந்தைய வாரம் மாணவர்கள் அல்ட்ராசோனிக் மீட்டரால் குழாய்களின் தடிமனை அளந்து பட்டியல் போட்டிருந்தார்கள், எது தேய்ந்தது என்று வண்ணம் தீட்டி. இன்ஸ்பெக்டர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சோதனை தேறியது.

ஏப்ரல் 9

அரவை ஆரம்பம். சக்கை வரும்வரை நிலக்கரியில் ஆவி ஏற்றி, ராத்திரி முதல் கரும்பு விழுந்தது. மாணவர்கள் இருவரும் வீட்டுக்குப் போக மறுத்துவிட்டார்கள். பையன் அவன் சுரண்டிய பேரிங்கின் வெப்பமானியையே சுற்றிச்சுற்றி வந்தான், ராத்திரி முழுக்க முள் ஏறாமல் நின்றது. அந்தப் பெண்ணை டிஃப்யூசர் கண்ட்ரோல் ரூமில் வைத்தேன். படுக்கை நிமிடத்துக்கு ஒரு மீட்டர் அளவில் போய்க்கொண்டிருந்தது, கரும்பு குறைந்து வேகத்தை மாற்றியதும் ஸ்ப்ரேயையும் நகர்த்த வேண்டுமே என்று அவளே ஆபரேட்டரிடம் கேட்டிருக்கிறாள். அவரும் முகம் சுளிக்காமல் எவ்வளவு, ஏன் என்று காட்டிக்கொடுத்திருக்கிறார்.

ஏப்ரல் 24

அடுத்த வருடத்துக்கான கடிதத்தை இரண்டு கல்லூரிகளுக்கு அனுப்பினேன். ஆறு மாத மாணவர்களை ஜனவரி நடுவிலேயே அனுப்புங்கள், முதல் மூன்று மாதம் பிரித்த ஆலை, அடுத்த மூன்று மாதம் ஓடும் ஆலை, மாணவருக்கு ஒரு ஃபிட்டர் பெயர் குறிப்பிட்டு ஒதுக்கப்படும், லாக்புக்கில் அந்த ஃபிட்டரும் எழுதுவார், பொதுவான வாசகம் எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எல்லாம் எழுதிவிட்டேன்.

ஒரு கல்லூரி ஒருங்கிணைப்பாளர் இன்றே கூப்பிட்டார். தேர்வு முடிவு, பதிவு எல்லாம் முடியவே ஜனவரி கடைசி ஆகிவிடுமாம், அதற்கு முன் பதிவில்லாத மாணவரை ஆலைக்குள் விட்டால் காப்பீடு சிக்கல். நியாயம்தான். நவம்பரிலேயே தேறிவிட்டு இடம் கிடைக்காமல் காத்திருப்பவர்களின் பட்டியலைக் கொடுங்கள், அவர்களுக்குப் பதிவை டிசம்பரில் முடித்துத் தாருங்கள் என்றேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். பட்டியல் நீளமாக இருக்கும் என்றும் சொன்னார். எங்களிடம் இருப்பது நான்கு இடம். பக்கத்து ஆலையின் இன்ஜினியரிடம் நாளைக்குப் பேச வேண்டும், அவரிடமும் ஆஃப்-க்ராப்பில் ஆள் பற்றாக்குறைதான்.