பறவையின் சமநிலையை அளக்கக் கண்ணை அல்ல, தலையைப் பாருங்கள்

சிங்கப்பூரின் கெபுன் பாருவில் கம்பத்தில் கூண்டு ஏற்றும் மெர்போக் (பாடும் சிறு புறா) பிரியர்கள் நடுவே, தலை சாய்ந்த பறவை என்றாலே "காதுல கோளாறு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவசரம் வேண்டாம். புறாக்களைத் தாக்கும் பாரமிக்ஸோ வைரஸும் கழுத்தை முறுக்கிவிடும். அங்கே கோளாறு பெரும்பாலும் மூளையில். சாய்வை வைத்து, சமநிலையை உணரும் உட்காதைக் குறை சொல்ல முடியாது, அளக்கத்தான் வேண்டும்.

மனிதருக்குக் கண்ணசைவை அளப்பார்கள். பறவைக்குக் கண் அதிகம் உருளாது. உடல் திரும்பும்போது பார்வையை நிறுத்திப் பிடிக்கும் வேலையில் பெரும்பங்கு கழுத்துக்குத்தான். உடலை வலப்பக்கம் சுழற்றினால் தலை மெதுவாக இடப்பக்கம் நகரும், பிறகு 'சட்'டென்று வலப்பக்கம் வெட்டித் திரும்பும். அந்த மெதுவான நகர்வுதான் நமக்கு வேண்டியது.

சுழல்மேசையின் நடுமையத்துக்கு நேர் மேலே, ஆடாத குச்சியில் பறவை உட்கார வேண்டும். ஊஞ்சல் குச்சி ஆகாது. மையம் விலகினால் நேர்கோட்டு முடுக்கமும் சேர்ந்து, உட்காதில் சுழற்சியை உணரும் அரைவட்டக் குழல்களோடு, நேர்கோட்டு அசைவை உணரும் செவிக்கல் உறுப்புகளும் தூண்டப்படும். மேசையை இருபுறமும் 20 பாகை, போய்வர 2 விநாடி ஆகும்படி ஆட்டுங்கள். உச்ச வேகம் விநாடிக்குச் சுமார் 63 பாகை வரும். கேமரா மேலே, அறைக்கூரையில். அலகின் கோட்டை வைத்துத் தலைக்கோணத்தைக் குறியுங்கள். அறையைப் பொறுத்துத் தலை 4 பாகைதான் ஆடியது என்றால், ஈடுகட்டியது 16. 16ஐ 20ஆல் வகுத்தால் 0.8, அதுதான் ஈடுகட்டும் விகிதம்.

ஆனால் வெளிச்சத்தில் எடுத்த 0.8ஐ நம்பாதீர்கள். உட்காது செத்திருந்தாலும் கண் பார்த்தே கழுத்தைத் திருப்பிவிடும். கதவிடுக்கில் கசியும் தாழ்வார விளக்கு போதும், கணக்கு கெட்டுவிடும். முழு இருட்டும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கும் தேவை. கைப்பேசி கேமரா பெரும்பாலும் அகச்சிவப்பை வடிகட்டிவிடும். வீட்டுக் கண்காணிப்புக் கேமரா 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கே 2.5 பாகை தாண்டிவிடும். அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத ராஸ்பெரி பை (சிறு கணினி) கேமரா வசதி.

இடது வலது வித்தியாசம் தெரிய, இருட்டிலேயே விநாடிக்கு 60 பாகை வேகத்தில் 45 விநாடி சுழற்றி நிறுத்துங்கள். தலை எதிர்த்திசையில் வெட்டும். எத்தனை வெட்டு, எவ்வளவு நேரம் என்று எண்ணி, மறுபக்கமும் செய்யுங்கள். நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். பயந்து உறைந்த பறவையும் தூங்கிவழியும் பறவையும் பொய்யான குறைந்த எண்ணையே தரும்.

கழுத்தே நோயுற்றிருந்தால் இந்த முறை உதவாது. அப்போது மருத்துவரிடம் மயக்கநிலையில், தலையை மில்லிவிநாடிக் கணக்கில் வெடுக்கென்று உதறி, தோலுக்கடியில் ஊசிமுனையால் உட்காது நரம்பின் மைக்ரோவோல்ட் அலையைப் பதிவு செய்ய வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட உதறல்களைச் சராசரி எடுத்தால்தான் அலை தெரியும். உதறும் சத்தத்துக்குக் கேட்கும் உறுப்பு பதில் சொல்லாதபடி இரைச்சலால் மறைக்கவும் வேண்டும். நம்மூர் ஏர்கான் குளிர் இங்கே பெரிய எதிரி: 41 பாகை செல்சியஸ் உடம்பு ஆறினால் அலை தாமதமாகும், நோய் போலவே தெரியும். சூட்டுமெத்தை கட்டாயம்.

ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் உட்காது கெட்டதென்றால் சில வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். பாலூட்டிகளைப் போலன்றி, பறவைக்கு உட்காதில் அசைவை உணரும் மயிர்செல்கள் திரும்ப முளைக்கும்.