'சொல்வழி கேளான்' எண்டு சொல்ல முதல்

பிசியோ வேலை எண்டா கையைக் காலைப் பிடிச்சு நீட்டி மடக்கிறது எண்டுதான் கனபேர் நினைக்கினம். வன்னியில எங்களிட்ட வாற ஆக்களைப் பார்த்தா, கை கால் பலமா இருக்கிறது மட்டும் காணாது, அது இப்ப எங்க நிக்குது, எந்தப் பக்கம் போகுது எண்டு மூளைக்குத் தெரியவும் வேணும் எண்டது விளங்கும். எனக்கு இது முதல் விளங்கினது கால் இழந்த ஆக்களிட்ட, ஓட்டிசம் உள்ள பிள்ளையளிட்ட வந்தது பேந்துதான்.

கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கோ, தொட்டிடுவியள். தசைக்குள்ளயும் தசைநாரிலயும் மூட்டிலயும் இழுவையை அறியிற நுண்ணிய உணர்விகள் இருக்கு, அதுகள் ஓயாம மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். உடம்பு எங்க நிக்குது எண்டு அறியிற இந்த உணர்வுக்கு 1906ல செரிங்டன் எண்ட பிரித்தானிய விஞ்ஞானி 'புரோபிரியோசெப்ஷன்' (proprioception) எண்டு பேரும் வைச்சார். இது இல்லாமப் போனா என்ன நடக்கும் எண்டதுக்கு இயன் வாட்டர்மன் எண்டவரின்ர கதை இருக்கு. 1971ல, 19 வயசில, ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழ இந்த உணர்வு அவருக்கு முழுசாப் போயிட்டுது. தசையில பலம் இருந்தும் எழும்பி இருக்கவே ஏலாமப் போச்சு, பிறகு ஒவ்வொரு அசைவையும் கண்ணால பார்த்துப் பார்த்துத்தான் திரும்ப நடக்கப் பழகினார், லைட் நிண்டா அப்பிடியே விழுந்திடுவார்.

செயற்கைக்கால் போட்டு வயலுக்குப் போற எங்கட அண்ணைமாருக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தப் பாதத்தில உணர்வு இல்லை, அதால கண்ணால பார்த்துத்தான் வரம்பில மிதிக்கினம், பொழுதுபட்டிட்டா வரம்பில இறங்கப் பயப்பிடுவினம். அவையளில ஒரு ஐயா, கடைசிச் சண்டையில வலது கால் போனவர், இல்லாத பெருவிரல் இரவில கடிக்குது எண்டு சொல்லுவார். வீட்டில ஆருக்கும் சொல்லேல்லையாம், மண்டை பிழைச்சிட்டுது எண்டு நினைப்பினம் எண்ட பயம். உங்களுக்கு மட்டும் இல்லை ஐயா, கால் கை போன ஆக்களில அநேகம் பேருக்கு இப்பிடி இருக்கு, மூளைக்குள்ள அந்தக் கால் இன்னும் இருக்கு எண்டு சொன்னவுடன அந்த மனுசன்ர முகம் மாறினதைப் பார்க்கவேணும். தமிழ்நாட்டில பிறந்த டொக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் தொண்ணூறுகளில கண்ணாடி வைச்சு, இருக்கிற கை காலின்ர விம்பத்தை இல்லாததின்ர இடத்தில தெரியப் பண்ணிச் செய்து காட்டின முறையை நாங்களும் செய்து பார்க்கிறனாங்கள், சிலருக்குச் சுகம் குடுக்கும், சிலருக்கு இல்லை.

இப்பிடி வேலை செய்து பழகின கண்ணோட ஓட்டிசம் உள்ள பிள்ளையைப் பார்த்தா வேற மாதிரித் தெரியும். ஒரு அம்மம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தவ. பள்ளிக்கூடத்தில சொல்லிவிட்டவையாம், சரியான சோம்பேறி, எதையும் பார்த்துச் செய்யான், சொல்வழி கேளான் எண்டு. குழந்தையில எப்பிடி எண்டு கேட்டன். "தூக்கப் போனா மற்றப் பிள்ளையள் கையைத் தூக்கிக்கொண்டு வருங்கள் மிஸ், இவன் அரிசி மூட்டை மாதிரிக் கிடப்பான்" எண்டா. எனக்கு மேல் சிலிர்த்துது. 1943ல லியோ கானர் எண்ட மனநல வைத்தியர் ஓட்டிசத்தைப் பற்றி முதல் எழுதின கட்டுரையிலயே இது இருக்கு, தூக்க வரேக்க உடம்பை அதுக்கு ஆயத்தப்படுத்தாத பிள்ளையள் எண்டு. அம்மம்மா அதை ஆரிட்டயும் படிக்கேல்ல.

அவன்ர இடது உள்ளங்கையில தண்ணிப் போத்தலை வைச்சு, மற்றக் கையால நீயே எடு தம்பி எண்டன். எங்களுக்கு எடுக்கிற கை அசைய முதலே ஏந்திற கை தளர்ந்து ஆயத்தமாகிடும், அதால கை மேல துள்ளாது. அவன் எடுத்தான், ஏந்தின கையும் துள்ளேல்ல, ஆனா எவ்வளவு ஆறுதலா எடுத்தான் எண்டா, போத்தல் கொஞ்சம் கிளம்ப நிண்டு, திரும்பக் கொஞ்சம் கிளம்ப நிண்டு, முகம் முழுக்கக் கவனம். 2003ல பிரான்ஸ்காரர் செய்த ஆய்விலயும் இதேதான், ஓட்டிசம் உள்ள பிள்ளையள் கையை நிலையா வைச்சிருந்தவை, ஆனா கூட நேரம் எடுத்தவை, முன்கூட்டி ஆயத்தமாகிறதுக்குப் பதிலா வாற உணர்வைப் பார்த்துப் பார்த்துச் சரிக்கட்டினவை. இவ்வளவு பாடுபடுற பிள்ளைக்குச் சோம்பேறி எண்டு பேர் வைக்கிறது பெரிய அநியாயம்.

'பார்த்துச் செய்' எண்டதுக்கும் ஒரு விஷயம் இருக்கு. 2009ல அமெரிக்காவில பிள்ளையளுக்கு ஒரு ரோபோக் கைபிடியைப் பிடிச்சு அசைக்கப் பழக்கிப் பார்த்தவை. ஓட்டிசம் உள்ள பிள்ளையள் கண்ணால பார்க்கிறதை விடத் தங்கட மூட்டும் தசையும் சொல்லுறதைத்தான் கூட நம்பிப் பழகினவை. அப்ப முன்னால நிண்டு செய்து காட்டினா மட்டும் எப்பிடிக் காணும்? நான் பிள்ளைக்குப் பின்னால இருந்து, கையைப் பிடிக்கட்டோ எண்டு கேட்டு, அவன் விட்டா மட்டும் அவன்ர கையோட என்ர கையை வைச்சுப் பொத்தான் பூட்டப் பழக்கிறனான். தொடுகை பிடிக்காத பிள்ளையும் இருக்கு, அதுகளுக்கு வேற வழி பார்க்கவேணும், எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. இது ஓட்டிசத்தை மாத்திற வைத்தியமும் இல்லை, கையை உதறிறதையும் துள்ளிறதையும் நிப்பாட்டிற நோக்கமும் எனக்கில்லை. பொத்தான் பூட்டத் தெரிஞ்சா அவனுக்குக் காலமை லேசு, அவ்வளவுதான்.

விளையாட்டுப்போட்டிக்கு அணிநடை பழக்கிற ஆசிரியர்மாரிட்ட ஒண்டு கேக்கிறன், கால் பிந்துற பிள்ளையைப் பின்னால இருந்து தட்டாதேங்கோ, இழுக்காதேங்கோ, அவனுக்கு இன்னும் ரெண்டு செக்கன் குடுங்கோ. தாய்மார், அம்மம்மாமார் கிளினிக்குக்குப் போகேக்க கதை வந்திட்டுதோ எண்டதை மட்டும் சொல்லாம, தூக்கேக்க உடம்பை எப்பிடி வைச்சிருக்கிறான், நுனிக்காலில நடக்கிறானோ, படி இறங்கேக்க என்ன செய்யிறான் எண்டதையும் மிஸ்மாரிட்டச் சொல்லுங்கோ, அவை கேக்காட்டிலும் சொல்லுங்கோ.