மவுஸைத் தள்ளி வைத்த மாலை

அறிக்கை மொத்தம் 140 பக்கம். ஐந்து பேர் ஆளுக்கொரு பகுதியாக எழுதி அனுப்பியதை ஒன்றாகச் சேர்த்து, மறுநாள் காலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் தலைப்புகளை 16 புள்ளியில் தடித்த எழுத்தில் வைத்திருந்தார். இன்னொருவர் அடிக்கோடு போட்டிருந்தார். மற்றொருவர் ஒவ்வொரு பத்திக்கும் நடுவே மூன்று முறை என்டர் தட்டியிருந்தார். நான் ஒவ்வொரு தலைப்பையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, மேலே போய் எழுத்துருவையும் அளவையும் மாற்றி, போல்ட் போட்டு, திரும்ப வந்து விட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மாலை ஆறு மணிக்கு முப்பது பக்கம்கூட முடியவில்லை.

பக்கத்து இருக்கை அக்கா தட்டச்சு இயந்திரக் காலத்திலிருந்து வேலை பார்ப்பவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மவுஸைத் தள்ளி வைங்க தம்பி" என்றார். வேர்டில் ஒரு தலைப்பு வரியின் நடுவில் கர்சரை நிறுத்தி, கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினார். வரியைத் தேர்ந்தெடுக்காமலேயே அது முதல்நிலைத் தலைப்பாகிவிட்டது. அடுத்த தலைப்புக்கு இறங்கி எஃப்4. அதற்கடுத்ததற்கும் எஃப்4. கடைசியாகச் செய்ததை அப்படியே திரும்பச் செய்கிற விசை அது. சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். நடுவில் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டால் போச்சு, எஃப்4 அந்த எழுத்தையே திரும்பப் போடும்.

அவருடைய கண் திரையில் இருந்த வரியை விட்டு நகரவே இல்லை. தட்டச்சு கற்றவர்கள் விசைகளைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே அடிப்பார்களே, அதே பழக்கம். அதுவரை ஷார்ட்கட் என்றால் கைக்கு வேகம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் என் நேரம் போனது ஒவ்வொரு முறையும் மெனுவுக்குப் போய்த் திரும்பி, விட்ட வரியைத் தேடியதில்தான்.

அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், 8. பக்கம் முழுக்கப் புள்ளிகளும் பத்திக் குறிகளும் தெரிந்தன. எங்கே வெறும் என்டர் தட்டி இடம் விட்டிருக்கிறார்கள், எங்கே ஸ்பேஸ் பாரால் தள்ளி வரியை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதெல்லாம் வெளியே வந்துவிட்டது. பத்திக்குத் தனியாகப் போட்ட இடைவெளி அமைப்புகளைக் கன்ட்ரோல் க்யூவும், எழுத்தின் தனி அலங்காரங்களைக் கன்ட்ரோல் ஸ்பேஸும் நீக்கி, ஸ்டைலில், அதாவது அந்த வகை வரிக்கென்று வேர்டில் வைத்திருக்கும் அமைப்பில், உள்ளபடி ஆக்கிவிடும்.

இந்தக் கன்ட்ரோல் ஸ்பேஸில்தான் எனக்கு அடி விழுந்தது. உற்சாகத்தில் ஒரு பகுதி முழுவதையும் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். தமிழ் மொத்தமும் மறைந்து ஆங்கில எழுத்துக் குப்பையாக நின்றது. அதை எழுதியவர் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். அதுபோன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான்; தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. அது போனால் தமிழும் போய்விடும். கன்ட்ரோல் இசட் அழுத்தி மீட்டு, முதலில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தொட்டேன். நூல் பெயர்களுக்குப் போட்டிருந்த சாய்வெழுத்தும் கன்ட்ரோல் ஸ்பேஸில் போய்விடும் என்பதால், முழுப் பகுதியை ஒரே அடியாகத் துடைப்பதை அன்றோடு விட்டேன்.

எல்லா ஷார்ட்கட்டும் நமக்கு உதவாது. ஷிஃப்ட் எஃப்3 பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாற்றும். தமிழில் அதற்கு வேலையே இல்லை. பட்டியலை அச்சடித்து ஒட்டி மனப்பாடம் செய்வதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே வேலைக்கு மூன்றாவது முறையாக மெனுவுக்குப் போகிறேன் என்றால், அதற்கு விசை இருக்கிறதா என்று அப்போதே தேடிக்கொள்கிறேன். அப்படிச் சேர்ந்தது பதினைந்துக்குள்தான் இருக்கும்.

அன்று இரவு எட்டரைக்குத் தலைப்புகள் எல்லாம் ஒரே சீராகிவிட்டன. அவை முறையான தலைப்புகளாக இருந்ததால் பொருளடக்கத்தை வேர்டே போட்டுக் கொடுத்தது. கடைசி நேரத்தில் இரண்டு பக்கம் கூடியது. பொருளடக்கத்தில் கர்சரை வைத்து எஃப்9 தட்டினேன், பக்க எண்கள் எல்லாம் சரியாகிவிட்டன.